நாயும் அபாய மணியும்: வீட்டுக் காவலின் அறிவியல்

வீட்டில் திருட்டு நடக்க மூன்று ஒன்றுசேர வேண்டும்: திருடத் துணிந்த ஆள், தூக்கிக்கொண்டு போகத் தக்க பொருள், தடுக்க ஆளில்லாத நேரம். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் இருவரும் 1979இல் இதை ஒரு கோட்பாடாக வகுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வருமானமும் படிப்பும் உயர்ந்தன. வீட்டுத் திருட்டும் கூடவே உயர்ந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனதால் பகலில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய விலையுயர்ந்த பொருள்கள் வீட்டுக்குள் பெருகின. இவ்விரண்டும்தான் காரணம் என்று அவர்கள் காட்டினார்கள்.

திருப்பூர் நகரின் நிலையும் இதுவே. பனியன் கம்பெனியில் ஒருவர் டெய்லர், இன்னொருவர் செக்கிங் என்று வீட்டுக்கு இருவர் வேலைக்குப் போகிறார்கள். ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிஃப்ட். தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் சொந்த ஊரிலேயே இருந்துவிடுகிறார்கள். ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டின் சாவி மீட்டர் பெட்டியிலோ செருப்புக்குள்ளோ கிடக்கும். தீபாவளிக்கு ஊரே கிளம்பிப் போனால் தெருக்கள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும். வாசல் தெளித்துக் கோலம் போடாத வீடு பூட்டிய வீடு என்பதைக் காலையில் தெருவில் நடந்து போகிற எவரும் படித்துவிடலாம்.

நகரத்தைத் தாண்டி பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் நிலைமை வேறு. அங்கே வீடு பூட்டிக் கிடப்பதில்லை, தனித்துக் கிடக்கிறது. தோட்டத்துச் சாளையில் வயதான கணவனும் மனைவியும் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் வெளியூரில் அல்லது வெளிநாட்டில். அடுத்த சாளை சில நூறு மீட்டர் தள்ளி, தென்னந்தோப்புக்கு அப்பால். 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் இப்படியொரு தோட்டத்து வீட்டில் பெற்றோரும் மகனுமாக மூவர் கொல்லப்பட்டு நகை பறிபோனது. 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி அதேபோலக் கொல்லப்பட்டார்கள். சிவகிரி வழக்கில் கைதானவர்களுக்குப் பல்லடம் கொலைகளிலும் தொடர்பு உண்டு என்று காவல்துறை பின்னர் அறிவித்தது. அதன்பின் கொங்குப் பகுதியில் வீட்டுக் காவல் என்பது உயிர்க் காவலாகப் பேசப்படுகிறது.

நகரத்து வீட்டுக்கும் தோட்டத்து வீட்டுக்கும் ஒரே காவல் பொருந்தாது. லைன் வீட்டைச் சுற்றி நூறு காதுகள் உண்டு, உள்ளே ஆளில்லை. சாளையில் ஆள் உண்டு, சுற்றிலும் காது இல்லை. நாயானாலும் மின்கருவியானாலும் இரண்டும் செய்வது ஒரே வேலை: வந்திருக்கிறான் என்ற செய்தியை ஒரு காதில் போடுவது. அந்தக் காது எங்கே இருக்கிறது, அது எத்தனை நிமிடத்தில் காலாக மாறி ஓடி வரும் என்பதில்தான் காவலின் பலன் இருக்கிறது.

நாய்

திருடனைப் பிடித்த நாய்க்குத் தமிழ்நாட்டில் கல்லெழுத்தே உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுத்து சொல்கிறது. காவல் காத்த நாயைப் பெயர் சொல்லி நினைவில் வைத்த பண்பாடு இது.

கோவிவனின் வழிவந்த நாய்களின் பலம் பல்லில் இருப்பதைவிடக் காதிலும் மூக்கிலும் அதிகம். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற அந்த எல்லை இறங்கிக்கொண்டே வரும். நாய் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. சருகு மிதிபடுவது, கம்பியில் ரம்பம் உரசுவது, தாழ்ப்பாள் நகர்வது எல்லாம் உயர் அதிர்வெண் ஒலிகளை மிகுதியாகக் கொண்டவை. உள்ளே படுத்திருக்கும் பெரியவருக்கு எட்டாத ஓசை திண்ணையில் படுத்திருக்கும் நாய்க்கு எட்டுவது இதனால்தான். மணம் உணரும் ஏற்பிகள் மனிதனுக்குச் சுமார் 50 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கும் மேல். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்து அந்நியரை வேலிக்கு வெளியிலேயே அது அறிந்துவிடும்.

நாய் தூங்காது என்பது தவறு. அது துண்டு துண்டாகத் தூங்குகிறது. 1990களில் ஆஸ்திரேலியாவில் ஆடம்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் வீட்டு நாய்களின் இரவைப் பதிவு செய்தபோது, சராசரியாக 16 நிமிடம் தூக்கம், 5 நிமிடம் விழிப்பு என்று சுற்று மாறி மாறி ஓடுவது தெரிந்தது. தூக்கத்திலும், கால்களை உதறிக் கனவு காண்பதுபோல் தோன்றும் கட்டத்தில் ஒலிக்கு எழுவது குறைவு. இரண்டு நாய் வளர்க்கும் வழக்கத்துக்கு இங்கே ஒரு நியாயம் கிடைக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஆழ்ந்து தூங்கும் வாய்ப்பு, ஒன்று தூங்கும் வாய்ப்பைவிடக் குறைவு.

குரைப்பிலும் வகைகள் உண்டு. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பீட்டர் போங்கிராட்ஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பதிவு செய்த குரைப்புகளை மட்டும் மனிதர்களுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். நாய் வளர்க்காதவர்கள்கூட எது அந்நியரைக் கண்ட குரைப்பு, எது தனியாகக் கட்டிப்போட்ட ஏக்கம் என்று பெருமளவு சரியாகச் சொன்னார்கள். அந்நியரைக் கண்ட குரைப்பு தாழ்ந்த குரலில், கரகரப்பாக, இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வரும். ஏக்கக் குரைப்பு உயர்ந்த குரலில், விட்டு விட்டு வரும். எலிக்கும் பூனைக்கும் குரைப்பது எப்படி, ஆளுக்குக் குரைப்பது எப்படி என்று வீட்டார் பழகிக்கொண்டால் காவல் பாதி முடிந்தது. பகலெல்லாம் சங்கிலியில் கிடந்து போகிற வருகிற எல்லோரையும் குரைக்கும் நாயின் கதை புலி வருது கதையாகிவிடும். ஆபத்து வரும் இரவில் யாரும் எழமாட்டார்கள்.

நாயைக் கண்டு திருடர்கள் உண்மையில் தயங்குகிறார்களா? பால் குரோம்வெல்லும் இரண்டு சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தொழிலாகவே திருடிவந்த 30 பேரிடம் பேசி 1991இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். நாய் உள்ள வீட்டைத் தவிர்ப்பதாகவே பெரும்பாலோர் சொன்னார்கள். பெரிய நாய் கடிக்கும். சிறிய நாய் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். தோட்டத்துச் சாளைக்கு முதல் காரணம் முக்கியம். லைன் வீட்டுக்கு இரண்டாவதே போதும். தெருவில் வளரும் நாட்டு நாய் ஒன்று ஒரு காம்பவுண்டு முழுவதற்கும் காவல் செய்யும்.

எந்த நாய் என்ற கேள்வியில் தமிழ்நாட்டுக்குக் குறையே இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நான்கும் இந்த மண்ணின் இனங்கள். 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகள் நான்கில் ஒன்று ராஜபாளையம். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்தப் பிறந்த ஓட்டக்காரர்கள். காவலுக்குக் கோம்பையும் ராஜபாளையமும் மேல். ராஜபாளையத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூய வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மை சேர்ந்து வருவது பல நாய் இனங்களில் உண்டு, இதிலும் காணப்படுகிறது. குட்டி வாங்கும்போது அது தூங்குகையில் பின்னாலிருந்து கை தட்டிப் பார்ப்பது நல்லது. ஏப்ரல், மே வெயிலில் ஹஸ்கி போன்ற பனிநாட்டு நாயைக் கட்டிவைப்பது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை. மூச்சிரைத்துக் கிடக்கும் நாய் காவலும் காக்காது.

நாயின் பெரிய பலவீனம் வயிறு. நஞ்சு கலந்த கறித்துண்டு பழைய உத்தி. தன் தட்டில், வீட்டார் கையால் வைப்பதை மட்டும் தின்னப் பழக்குவது குட்டிப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். மாலையிலேயே வயிறார வைத்துவிட்டால் நள்ளிரவுத் துண்டுக்கு ஆசை குறையும். நாய் காரணம் தெரியாமல் செத்துப் போனாலோ காணாமல் போனாலோ, தோட்டத்து வீட்டார் அதை எச்சரிக்கையாகவே கொண்டு அன்றே காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். அடுத்த பலவீனம் சங்கிலி. முன்வாசலில் கட்டிய நாய் பின்புறப் பொடக்காலிப் பக்கம் வருகிறவனைக் கண்டு குரைக்குமே தவிரத் தடுக்க முடியாது. வேலி பத்திரமாக இருந்தால் இரவில் அவிழ்த்து விடுவதே முறை. ஆனால் வேலியைத் தாண்டி ஓடும் நாய் இன்னொரு துயரத்துக்குக் காரணமாகும். காங்கேயம், வெள்ளக்கோவில் பகுதிகளில் நாய்க் கூட்டங்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதால் விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள். கிளுவை வேலி ஆளுக்கு நல்ல தடை. அடியில் நாய் நுழையும் சந்துகளை மட்டும் அடைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாய் காவல் அல்ல, ஆபத்து.

இரவில் நாய் குரைத்ததும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவதுதான் மிக ஆபத்தான நொடி. வெளியே காத்திருப்பவனுக்கு வேண்டியதும் அதுவே. வெளிவிளக்குகளின் சுவிட்ச் கட்டிலுக்குப் பக்கத்தில், உள்ளேயே இருக்க வேண்டும். முதலில் விளக்கு, அடுத்து ஃபோன். கதவு திறக்கக் கூடாது.

மணி

மின்சார அபாய மணிக்கு 1853இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப். கதவு திறந்தால் மின்சுற்று இணைந்து மின்காந்தம் சுத்தியலை இழுத்து மணியை அடிக்கும். திருடன் அவசரமாகக் கதவைச் சாத்தினாலும் மணி நிற்காதபடி அமைத்ததுதான் அவருடைய நுட்பம். இன்றைய கருவிகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கியவை: சுற்று எப்போதும் இணைந்திருக்கும், அறுந்தால் மணி அடிக்கும். கம்பியை வெட்டி ஏமாற்ற நினைப்பவன் தானே மணியை அடித்துவிடுகிறான்.

கதவில் பொருத்தும் கருவி மிக எளியது. விரல் நுனி அளவு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புக் கலவைத் தகடுகள். பெல் ஆய்வகத்தின் வால்டர் எல்வுட் 1930களில் உருவாக்கிய ரீட் சுவிட்ச் இது. கதவில் ஒட்டிய காந்தம் அருகில் இருக்கும்வரை தகடுகள் தொட்டுக்கொண்டிருக்கும். கதவு இரண்டு விரல் அகலம் விலகினால் பிரியும். பல்லடம், சோமனூர், மங்கலம் பகுதிகளுக்கு இந்தச் சிறு கருவி மிகவும் ஏற்றது. இரவு பகலாக ஓடும் விசைத்தறிக் கூடங்களுக்குள் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். கூடத்தை ஒட்டிய வீட்டில் பூட்டை உடைத்தாலும் கேட்காது. தறிச் சத்தத்தில் நாயின் காதும் மங்கும். காந்தத்தை எந்த இரைச்சலும் தொடுவதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இதை முன்கதவில் மட்டும் பொருத்திவிட்டுப் பின்கதவை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை.

சுவர் மூலையில் பொருத்தும் வெள்ளை நிறப் பெட்டி இன்னொரு வகை. அது ஒலியையோ உருவத்தையோ பார்ப்பதில்லை. உடல் சூட்டைப் பார்க்கிறது. மனித உடல் 9, 10 மைக்ரான் அலைநீள அளவில் அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக வெளியிடுகிறது. பெட்டியின் முகப்பில் உள்ள வரிவரியான பிளாஸ்டிக் வில்லை, அறையைப் பல விசிறித் துண்டுகளாகப் பிரிக்கும். ஆள் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது உள்ளே இருக்கும் இரட்டை உணரியில் சூடு ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கமே அபாயக் குறி. ஆகவே இதற்குத் தேவை சூடு அல்ல, சூட்டு வித்தியாசம். தோலின் வெப்பம் சுமார் 33 அல்லது 34 டிகிரி. மே மாதத்தில் பகலெல்லாம் காய்ந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் சுவரும் முன்னிரவிலும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கும். அப்போது ஆளும் சுவரும் உணரிக்கு ஒன்றுபோலத் தெரிய, அதன் கூர்மை குறைகிறது. நல்ல கருவிகளில் இதற்கு ஈடுகட்டும் அமைப்பு உண்டு, மலிவானவற்றில் இருப்பதில்லை. வில்லைமேல் ஊரும் பல்லியும் அதன்முன் வலை பின்னும் சிலந்தியும் பொய் மணி அடிக்கவைக்கும். மாதம் ஒருமுறை துணியால் துடைப்பது இந்தக் கருவிக்குச் செய்யும் முக்கியப் பராமரிப்பு.

பொய் மணி சிறிய தொல்லை அல்ல. அமெரிக்காவில் காவல்துறைக்கு வந்த அபாய மணி அழைப்புகளில் 94 முதல் 98 விழுக்காடு வரை பொய் என்று கணக்கிடப்பட்டது. பல நகரங்கள் அவற்றுக்கு அபராதம் விதித்தன. வாரத்தில் நான்கு நாள் பூனைக்கு அலறும் சைரனுக்கு ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

சைரன் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதைத் தோட்டத்து வீட்டார் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் தொலைவில் 110 டெசிபல் ஒலிக்கும் சைரனை எடுத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். 100 மீட்டரில் 70. 400 மீட்டரில் 58. இடையில் தென்னந்தோப்பும் எதிர்க்காற்றும் இருந்தால் இன்னும் குறைவு. பக்கத்துச் சாளையில் ஜன்னலைச் சாத்திப் படுத்திருந்தால் மேலும் 20 டெசிபல் போய்விடும். தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியே 40 டெசிபலைத் தாண்டும். 38 டெசிபலில் வந்துசேரும் சைரன் அந்த விசிறிச் சத்தத்தில் மூழ்கிப் போகும். லைன் வீட்டில் அதே சைரன் பத்து மீட்டரில் 90 டெசிபலாக ஒலித்துத் தெருவையே எழுப்பிவிடும். தோட்டத்தில் சைரன் திருடனை மிரட்ட உதவும். உதவியை அழைத்து வராது. அந்த வேலையைக் கைப்பேசிக் கோபுரம்தான் செய்ய வேண்டும். சிம் கார்டு பொருத்திய கருவி, மணி அடிக்கும்போதே முன்பே பதிந்துவைத்த நான்கைந்து எண்களுக்கு அழைப்பு அனுப்பும். பிராட்பேண்டை மட்டும் நம்பும் கருவி, மின்சாரம் போய் மோடம் அணைந்ததும் ஊமையாகிவிடும். மெயின் சுவிட்ச் வெளிச்சுவரில் இருக்கும் வீடுகளில் அதை அணைக்க ஒரு விரல் போதும்.

கேமரா இன்று எல்லோரும் முதலில் வாங்குவது. அது நடந்ததைக் காட்டும். விசாரணைக்குப் பெரிதும் உதவும். காவலாக அதன் பங்கு குறைவு. பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைத்தால் நகையோடு அதுவும் போய்விடும். பரண் மேல் பூட்டிய பெட்டியில் இருப்பது நல்லது. மாடி உயரத்தில் பொருத்திய கேமராவில் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதியும். ஒன்றாவது கேட்டில் முகம் தெரியும் உயரத்தில் இருக்க வேண்டும்.

நிமிடக் கணக்கு

அணு உலைகளையும் ஆயுதக் கிடங்குகளையும் காக்கும் பொறியாளர்கள் ஒரு விதியைப் பின்பற்றுகிறார்கள். கண்டுபிடித்த நொடியிலிருந்து திருடன் பொருளை எட்ட ஆகும் நேரம், உதவி வந்துசேரும் நேரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சாளைக்கும் இதே விதிதான். உதவி வர 12 நிமிடம் ஆகும் இடத்தில், கதவு 3 நிமிடத்தில் உடையும் என்றால், நாயும் மணியும் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பயனில்லை. கதவு தாங்க வேண்டும், அல்லது வேலியிலேயே செய்தி கிளம்ப வேண்டும். ஓட்டு வீட்டின் பின்கதவுக்கு உள்பக்கம் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, படுக்கையறைக்கு உறுதியான உள்தாழ்ப்பாள், ஜன்னலுக்குக் கம்பி: நிமிடங்களை வாங்கித் தருவது இவைதான். இங்கிலாந்தில் ஆண்ட்ரோமகி செலோனி உள்ளிட்டோர் பல ஆண்டுக் குற்றக் கணக்கெடுப்புகளை அலசியபோது, அபாய மணி மட்டும் இருந்த வீடுகளில் எதிர்பார்த்த பாதுகாப்பு தெரியவில்லை. கதவுப் பூட்டு, ஜன்னல் பூட்டு, உள்விளக்கு, வெளிவிளக்கு நான்கும் சேர்ந்த வீடுகளே மிகப் பாதுகாப்பாக இருந்தன. அமெரிக்காவில் 422 திருட்டுக் குற்றவாளிகளிடம் நடந்த ஆய்வில், அபாய மணி இருப்பது தெரிந்தால் வேறு வீட்டைத் தேடுவதாகச் சொன்னவர்கள் சுமார் 60 விழுக்காடு. மீதிப் பேருக்குத் தடை கதவுதான். வேலிக்கு நேரடியாக வீட்டு மின்சாரம் கொடுப்பது மட்டும் எந்நாளும் கூடாது. அது குற்றம், முதலில் சாவது பெரும்பாலும் வீட்டாரோ ஆடுமாடோ.

உதவி வரும் நிமிடங்களைக் குறைப்பது மனிதர்கள் கூடிச் செய்ய வேண்டியது. சிவகிரியில் கொலை நடந்து சில நாள் கழித்தே வெளியே தெரிந்தது. பிள்ளைகள் தினமும் ஒரே நேரத்தில் பேசுவது, பேச்சு வராவிட்டால் பக்கத்துத் தோட்டத்தார் அன்றே போய்ப் பார்ப்பது என்ற ஏற்பாட்டுக்கு எந்தக் கருவியும் ஈடில்லை. தனித்த தோட்டத்து வீடுகளைக் காவல்துறையின் ரோந்துக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். 100, 112 இரண்டும் பெரியவர்களின் ஃபோனில் ஒரே அழுத்தில் போகும்படி பதிந்திருக்க வேண்டும். நகரத்தில் தீபாவளி, பொங்கலுக்கு ஊர் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும்படி காவல்துறையே கேட்டுக்கொள்கிறது. பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லி அந்த நாள்களில் வாசலில் கோலம் போடச் சொன்னால் போதும்; பூட்டிய வீடு என்ற செய்தி தெருவில் படிக்கக் கிடைக்காது.

எதையும் வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. முன்கூட்டியே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, ஒரு நாள் இரவு பத்து மணிக்குச் சைரனை அடித்துப் பார்க்க வேண்டும். சிம் கருவியிலிருந்து அழைப்புப் போகவைக்க வேண்டும். யாருக்குக் கேட்டது, யாருடைய ஃபோன் அடித்தது, முதல் ஆள் வந்துசேர எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு இன்னொருமுறை. கருவிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இந்த வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. அதை மாற்றிய தேதியைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.